மூலைக்கு ஓர் உதை

அப்பா,

2019 நவம்பர் 9, சனி, மாலை 4.52. இருபத்து நான்குக்கு இருபத்து மூன்று. கனடியக் கால்பந்துக் கோப்பை எங்களுக்கு. பயிற்சியாளனாக எனக்கு முதல் கோப்பை.

மூன்று நொடி மிச்சம் இருந்தபோது சமநிலை. உதைப்பவன் தாராஸ், "கம்பத்துக்கு நடுவுல அடிச்சு மூணு புள்ளி எடுத்துடவா கோச்?" என்றான்.

"குறுக்குக் காத்துல விலகிடும்டா. அவங்க ஆளு பிடிச்சுட்டு ஓடிடுவான். தூக்கி மூலைக்கு உதை. அவங்க கோல் எல்லைக்குள்ள போய் வெளிய விழுந்தா ஒரு புள்ளி."

உதவிப் பயிற்சியாளர் லோர்ன் தலையில் கை வைத்தார். "ஒத்தப் புள்ளிக்கா? ரெஜைனா ஊரே சிரிக்கும்யா!"

"ஜெயிச்சப்புறம் சிரிக்கட்டும்."

ஆறு வருடம் முன்பு இதே இறுதி ஆட்டத்தில், எதிரணி உதைத்த பந்தோடு எங்கள் கோல் எல்லைக்குள்ளேயே விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டவன் நான். தோற்றது அந்த ஒரு புள்ளியில். "ஒத்தப் புள்ளியக் குடுத்துட்டியேடா" என்றீர்கள். அதன்பிறகு நான் வீட்டுக்கு வரவில்லை. காற்றையும் கோணத்தையும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று பந்து மூலையில் வெளியேறியது. யார் கையும் படவில்லை.

உங்களுக்குச் சீட்டு அனுப்பிய நடுக்கோட்டு இருக்கை காலிதான். ஆனால் காணொளியை ஆறு முறை ஓட்டிப் பார்த்தேன். மூலைக்குப் பின்னால் நிற்கும், முகம் தெரியாத பச்சைத் தொப்பிக்காரர், நடுவருக்கு முன்பே ஒற்றை விரலை உயர்த்துகிறார்.

இனி நான் செய்யப்போவது:

1. திங்கட்கிழமை அந்தப் பந்தோடு வீட்டுக்கு வருவேன்.
2. முழங்காலைப் பற்றிப் பேசமாட்டேன்.
3. உங்கள் பச்சைத் தொப்பி ஆணியில் தொங்குகிறதா என்று பார்ப்பேன்.

உங்கள் மகன்