ஏரித்தரையில் நான் அழித்த புள்ளிகள்

டிசம்பர் 11, வியாழன்

இன்று முதல் நான் கப்பல் கேப்டன். அம்மா செந்துறையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். கப்பல் என்பது நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆளுக்கு இடமில்லாத ஃபைபர் படகு. அதன் பக்கவாட்டில் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் ஒரு கருவி. அது தண்ணீருக்குள் ஒலி அனுப்பும். தரையில் பட்டு ஒலி திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்லும். நான் லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். வயலில் டிராக்டர் போவதுபோல் படகு ஏரியில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வரும்.

வேப்பந்தட்டைப் பக்கத்து ஏரியில் படகு குழாம் வரப்போகிறது. காணும் பொங்கலன்று திறப்பு விழா. எங்கே படகு விடலாம், எங்கே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கலாம் என்று அடித்தரையை வரைபடமாக்கித் தர வேண்டும். வேலை திருச்சியில் இருக்கும் எங்கள் சர்வே கம்பெனிக்குக் கிடைத்தது. கம்பெனி அதை என் தலையில் கட்டியது.

எனக்கு நீச்சல் தெரியாது. இதை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன்.

படகோட்டி அழகேசன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "மேடம், லைஃப் ஜாக்கெட்ட இவ்ளோ இறுக்கிக் கட்டுனா மூச்சு எப்படி வுடுவீங்க?"

கம்பெனி விதி என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது.

டிசம்பர் 12, வெள்ளி

கரையில் ஒரே கூட்டம். புதையல் தேடுகிறோம் என்று பாதிப் பேர், எண்ணெய் எடுக்கப்போகிறோம் என்று மீதிப் பேர். மீன் குத்தகைக்காரர் மட்டும் தனியாக வந்து காதோடு கேட்டார்: "விரால் எந்தப் பக்கம் நிக்குதுன்னு மட்டும் சொல்லிருங்கம்மா, யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

டிசம்பர் 15, திங்கள்

காலையில் கருவி உயிர் விட்டது. ஒரு மணி நேரம் மல்லாடினேன். அழகேசன் கடைக்கு ஓடிப்போய் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கி வந்து சுற்றிப்போட்டான். அந்த நேரத்தில் பேட்டரி வயர் கழன்று கிடப்பதைப் பார்த்து மாட்டினேன். உடனே வேலை செய்தது. பெருமை முழுவதும் எலுமிச்சம்பழத்துக்குப் போய்விட்டது. படித்த படிப்புக்கு எங்கேயும் மரியாதை இல்லை.

டிசம்பர் 17, புதன்

இன்று நடந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மதியம் அது நடந்தபோது வரவில்லை.

தெற்கு மூலையில் பாசி அடர்ந்து கிடக்கிறது. அங்கே முதல் வரிசை ஓடி, திரும்பி இரண்டாவது வரிசையும் முடியப்போகும் நேரத்தில் மோட்டார் விசிறியில் பாசி சுற்றிக்கொண்டது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. கொஞ்சம்தான். நான் போட்ட சத்தத்தில் கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஓடின. சிறுவாச்சூர் காளியில் ஆரம்பித்து ஊர் ஊராகப் போய் ஒரு சாமி விடாமல் கூப்பிட்டேனாம். அழகேசன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

"மேடம், இங்க இடுப்பளவு தண்ணிதான். பாருங்க." சொல்லிக்கொண்டே தொபுக்கென்று இறங்கி நின்று பாசியை அறுத்துப்போட்டான். லேப்டாப் ஒரு மீட்டர் முப்பது என்று காட்டியது. இடுப்பு இல்லை, நெஞ்சு. ஆனாலும் நின்றான்.

அந்த மூலைக்கு இனி நான் போவதாக இல்லை.

டிசம்பர் 20, சனி

வீட்டில் உட்கார்ந்து தரவைச் சுத்தம் செய்தேன். மீன் கூட்டம் குறுக்கே போனாலோ, படகு குலுங்கினாலோ கருவி உளறும். அந்தப் புள்ளிகளைப் பார்த்து அழிப்பதுதான் வேலை. தெற்கு மூலையில் சில புள்ளிகள் திடீரென்று பதினான்கு மீட்டர் என்றன. சுற்றிலும் ஒன்று முப்பது! சந்தேகம் வந்தால் அதே வரிசையில் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். எனக்குச் சந்தேகமே வரவில்லை. வராதபடி பார்த்துக்கொண்டேன். அழித்தேன். பக்கத்துப் புள்ளிகளை வைத்து மென்பொருள் அந்த ஓட்டையைத் தானே நிரப்பிவிட்டது. இஸ்திரி போட்ட மாதிரி வழவழவென்று இருக்கிறது.

டிசம்பர் 24, புதன்

வரைபடம் கொடுத்தாயிற்று. அம்மாவிடம் கப்பல் கரை சேர்ந்துவிட்டது என்றேன். "மூழ்காம வந்தியே, அது போதும்" என்றாள்.

ஜனவரி 5, திங்கள்

பெரம்பலூரில் கூட்டம். படகு குழாம் வேலையைப் பார்க்கும் உதவிப் பொறியாளர் தேவயானி மேடம் என் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துப் பாராட்டினார். நான் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன். பாராட்டு வாங்கும்போது எனக்குக் கை சும்மா இருக்காது.

பிறகு அவர் தெற்கு மூலையில் விரல் வைத்தார். "ஏரியிலயே இந்த இடந்தான் மேடு பள்ளம் இல்லாம சமமா இருக்கு. ஆழமும் கம்மி. புள்ளைங்க எறங்கி வெளையாடறதுக்கு இதையே வச்சுருவோம். பாசிய எடுத்துட்டு படி கட்டச் சொல்லிடறேன்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஏண்டி ஆட்டுன? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?

ஜனவரி 6, செவ்வாய்

அழிப்பதற்கு முந்தைய தரவைத் திறந்தேன். போகும்போது ஒரு பள்ளம். திரும்பி வரும்போதும் பள்ளம் – அதே இடத்தில். மீன் கூட்டம் போகும்போதும் வரும்போதும் ஒரே இடத்தில் எனக்காகக் காத்திருக்காது.

ஜனவரி 7, புதன்

மேலாளர் முத்தமிழ்செல்வன் சாரிடம் போனில் சொன்னேன். "ரிப்போர்ட் குடுத்தாச்சும்மா. இப்ப போயி திரும்ப அளக்கறேன்னா நமக்கு வேலையே தெரியாதுன்னு ஆயிடும். ரெண்டு புள்ளிக்கு ஏன் இவ்ளோ பதட்டம்?"

சரி சார் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு நிம்மதியாக இருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே, இனி அந்த மூலைக்குப் போக வேண்டியதில்லையே என்ற நிம்மதி. எவ்வளவு கேவலமான பிறவி நான்!

ஜனவரி 8, வியாழன்

நாளை முதல் பாசி எடுக்கிறார்களாம். அழகேசன் போனில் சொன்னான்.

ஜனவரி 9, வெள்ளி

லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். கருவியைக் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். அதனால் நீளமான நைலான் கயிறு வாங்கி அதன் முனையில் இரும்புக் குண்டு கட்டிக்கொண்டேன். பி.இ. படித்து, ஒலியால் ஆழம் அளந்து, கடைசியில் கயிறு.

பாசி எடுக்க வந்த ஆட்களைக் கரையிலேயே நிற்கச் சொன்னேன். அழகேசன் படகில் நின்று கழியை ஊன்றி மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனான். என் பற்கள் மார்கழிக் குளிரால் மட்டும் அடித்துக்கொள்ளவில்லை. குண்டை இறக்கினேன், தரை தட்டியது. இன்னும் கொஞ்சம் தள்ளி இறக்கினேன், தட்டியது. அடுத்த முறை இறக்கும்போது கயிறு கையைவிட்டு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளங்கை எரிந்தது.

குறுக்கும் நெடுக்குமாக அளந்தோம். ஓரம் சரிவாக இல்லை, வெட்டிவைத்த மாதிரி செங்குத்து. நான்கு பக்கம், நான்கு மூலை. கிணறு. ஏரி காய்ந்து கிடந்த ஏதோ ஒரு காலத்தில் உள்ளே பயிர் வைத்த யாரோ வெட்டியிருக்கிறார்கள். கைப்பிடிச் சுவர் கிடையாது. எங்கள் ஊரில் வயக்காட்டுக்கு ஒன்றாக இந்த மாதிரிக் கிணறுதான் வாய் பிளந்துகொண்டு கிடக்கிறது. பிறந்ததிலிருந்து பார்த்திருந்தும், மேலே கொஞ்சம் தண்ணீர் நின்றவுடன் எனக்கு அது மீன் கூட்டமாகிவிட்டது.

அழகேசன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கு நான் எறங்குன எடம் இது பக்கத்துலதான மேடம்?"

"ஆமாம்பா. உனக்கென்ன, நீச்சல் தெரியுமே" என்றேன், அவனுக்கா எனக்கா தெரியவில்லை, ஒரு சமாதானத்துக்கு.

"எனக்கு நீச்சல் தெரியும்னு யாரு சொன்னா?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. கரை சேரும்வரை அழுதேன். அவன் நெஞ்சளவு தண்ணீரில் நின்று என்னைக் கேலி செய்துகொண்டிருந்தான். ரெண்டு எட்டு. அவ்ளோதான. ரெண்டு எட்டு அந்தாண்ட எறங்கியிருந்தா அவங்க வூட்டுல நான் என்னன்னு போயி சொல்றது?

கரையிலிருந்தே தேவயானி மேடத்துக்குப் போன் செய்தேன். மீன் என்று நினைத்தேன் என்று சொல்லிப் பார்க்கத் தோன்றியது. சொல்லவில்லை. "பள்ளம் காட்டுச்சுங்க மேடம். எனக்குத் திரும்பப் போகப் பயம். அதனால அழிச்சிட்டேன்."

"அன்னைக்குத் தலையாட்டுனீங்களே" என்றார். அது மட்டும்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 12, திங்கள்

முத்தமிழ்செல்வன் சார் என்னை ஏரி வேலைகளிலிருந்து எடுத்துவிட்டார். இனி ரோடு சர்வே. கேப்டன் பதவி போயிற்று. அம்மாவிடம் பதவி உயர்வு என்று சொன்னேன்.

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

யாரும் கூப்பிடவில்லை. நானே போனேன். திருவிழாக் கூட்டம். அன்னப்பறவைப் படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சுற்றுகின்றன. பிள்ளைகள் விளையாட வடக்குக் கரையில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சேறு கொஞ்சம் அதிகம்; அம்மாக்கள் புலம்புகிறார்கள். தெற்கு மூலையில் பாசியை அள்ளிவிட்டு, நான்கு சிவப்பு டிரம்களை மிதக்கவிட்டு, கரையோரமாகக் கயிறு கட்டியிருக்கிறார்கள். போர்டு இன்னும் வரவில்லை.

கயிற்றுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் தோளில் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். புது கவுன், கையில் பஞ்சுமிட்டாய். "ஏங்க, இந்தப் பக்கந்தான் தண்ணி தெளிவா இருக்கு, சேறும் இல்ல. இங்க போயி எதுக்குக் கயிறு கட்டி வச்சிருக்கானுவ?"

"உள்ள கெணறு இருக்குங்க."

"ஏரிக்குள்ள கெணறா?" சிரித்தார். "யாரு சொன்னது?"

"நாந்தாங்க."

என்னை ஒருமுறை பார்த்தார், தண்ணீரை ஒருமுறை பார்த்தார். நம்பின மாதிரித் தெரியவில்லை. கயிற்றின் மேல் வைத்திருந்த கையை எடுத்து, குழந்தையின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வடக்குக் கரைப் பக்கம் நடந்தார்.