கண்ணீர் அஞ்சலியில் என் முகம்

ஆகஸ்ட் 6, புதன்

காலையிலேயே புழுக்கம். உப்பளப் பக்கம் காற்றே இல்லை.

வெட்கக்கேடு ஒன்று, இங்கே மட்டும்: நான் டிசைன் போட்ட சினிமா போஸ்டருக்குச் செத்தவன் முகம் தேவைப்பட்டது, என் முகத்தையே வைத்துவிட்டேன். வேறு ஆள் கிடைக்கவில்லை என்று டைரக்டரிடம் சொன்னது பொய். யாரையும் கேட்கவே இல்லை. சுவரில் என் மூஞ்சியைப் பார்க்கும் ஆசை, இந்த வயதில்.

டைரக்டர் கேட்டது போஸ்ட்மாடர்ன். ஹீரோ கூடாது, துப்பாக்கி கூடாது. "அண்ணே, வேற எதோட வடிவத்தையாவது களவாடணும். எது நிஜம், எது நகல்னு பாக்கறவன் குழம்பணும்." களவாடினேன். அச்சு அசல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்: மெழுகுவர்த்தி இரண்டு, சிலுவை, ரோஜா, நடுவில் நான். ஓரமெல்லாம் கிழிந்த பழைய போஸ்டர்கள், அடுக்கடுக்காக. படத்தின் பெயர் மூலையில், எறும்பு அளவு.

நேற்று ஒட்டியாயிற்று. மரக்காணம், வானூர், கிளியனூர்.

கிளியனூர்! அண்ணன் வீட்டில் அம்மா. பி.பி. வேறு. அந்த ஊர் வேண்டாம் என்று ஒட்டுகிறவரிடம் சொல்ல மறந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தூறல். உப்பளத்தில் வேலை இல்லை. ஆகவே ஊரே கடைத்தெருவில், போஸ்டர் முன்னால். பின்னால் குடையோடு நான்.

"யாருய்யா, டிசைன் போடற சூசையா? நேத்துகூட பாத்தனே!"

"செத்தும் அந்தத் திமிரு மூஞ்சில போவல பாரு."

இருமினேன். திரும்பிப் பார்த்த ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

மாலை, கோயிலில் மணி அடிக்கும் லூர்துவிடமிருந்து வீட்டுக்குப் போன். "அடக்கப் பூசை எத்தினி மணிக்குங்க?" என் மனைவி சொன்ன பதில்: "பக்கத்துல உக்காந்து கருவாடு தின்னுது, பேசறீங்களா?" அதோடு சரி.

அம்மாவுக்குப் போன் மேல் போன். எடுக்கவில்லை. அண்ணனும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெயில். முதல் பஸ், பிறகு இன்னொரு பஸ். அம்மா விழுந்து கிடந்தால் என்ன சொல்வேன், பின்நவீனத்துவம் என்றா?

கிளியனூர் பஸ் ஸ்டாப் சுவரில் நான். நகத்தால் கிழிக்க ஆரம்பித்தேன். டீக்கடைக்காரர் பாய்ந்தார். "ஏம்பா, செத்தவரு போஸ்டர கிழிக்கிறியே, மனுசனா நீ?" முகத்தைக் காட்டினேன். பாய்லருக்குப் பின்னால் போய்விட்டார்.

வாசலில் அம்மா. தண்ணீர்க் குடத்தோடு, திடமாக.

"பாத்தேன்டா. ரோட்டுலயே உக்காந்துட்டேன். உங்கண்ணன்தான் மூலைல இருந்தத எழுத்துக்கூட்டிப் படிச்சு, சினிமாம்மான்னான்."

"அப்புறம் ஏம்மா போன எடுக்கல?"

"வேணும்னுதான். அவனையும் எடுக்கக் கூடாதுன்னேன். ஒரு நாளாச்சும் நீ துடிக்கணும்டா."

திட்டு. பிறகு சோறு. சாப்பிடும்போது இடது கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"படம் எப்ப வருது? அதுல உயிரோட வருவியா?"

தேதி கேட்க அங்கிருந்தே டைரக்டருக்குப் போன். படம் இன்னும் எடுக்கவே இல்லையாம். கதையும் எழுதவில்லையாம். போஸ்டரைக் காட்டித்தான் தயாரிப்பாளர் பிடிக்க வேண்டுமாம்.