பதினாலாம் நம்பர் மலையில் பத்து பேர்ச்

5.5.2024 ஞாயிறு

இன்று ஒரு பக்கம் முழுக்க எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். பெயர் சங்கிலிமுத்து. வயது எழுபத்தொன்று. நாற்பத்திரண்டு வருடம் தேயிலைச் செடியின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டினேன். அத்தனை வருடமும் கைநாட்டு வைத்துத்தான் சம்பளம் வாங்கினேன். இப்போது எழுதுகிறேன்! மெதுவாகத்தான். ஒரு வரி முடிவதற்குள் பிளேன்டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

நிரஞ்சனி மிஸ் ஞாயிறுதோறும் கண்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறார். எங்கள் காணிக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலையும் பெண். முதலில் காணிக் கூட்டம், பிறகு கரும்பலகை. இன்று "ஐயா, உங்கட 'ழ' வடிவா இருக்கு" என்றார். லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் பாலம்மா விடுவாளா? "ம்க்கும். சாகப்போற நேரத்துல அது ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள். பொறாமை.

பதினாலாம் நம்பர் மலை என்பது தேயிலை செத்து மானாப்புல் மண்டிக் கிடந்த மலை. அதில் பன்னிரண்டு குடும்பத்துக்குப் வீடு கட்டப் பத்து பத்து பேர்ச் நிலம் என்று அரசாங்கம் கடிதம் கொடுத்திருக்கிறது. கடிதம்தான். உறுதிப் பத்திரம் இல்லை. உறுதி இல்லாவிட்டால் வங்கிக்காரன் வாசலிலேயே நிறுத்திவிடுகிறான். மகள் சுகிர்தா பதினொரு வருடம் கார்மென்ட்ஸில் தைத்துச் சேர்த்ததைப் போட்டுச் சுவர் எழுப்புகிறோம். முன் அறையில் மூன்று மெஷின் வைத்து, வேலையில்லாத பிள்ளைகளைச் சேர்த்துத் தைக்க வேண்டுமாம் அவளுக்கு.

நான் போனால், தோட்டம் கொடுத்த இந்த லயத்துக் காம்பிரா தோட்டத்துக்கே போய்விடும். சுகிர்தா தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தவள் இல்லை. சாமானோடு வெளியே நிற்பாள். அதற்கு முன் அந்த வீடு எழும்ப வேண்டும்.

9.5.2024

பாலம்மாவின் மகன் அஜந்தனுக்கு எங்களுக்கு அடுத்த துண்டு. அவன் வளர்த்த நாயைக் கொன்று எங்கள் புது வீட்டுக் கதவுநிலையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கழுத்தில் தேயிலைக் கொழுந்துச் சாக்குக் கயிறு. தோட்டத்துக் கயிறு. மலையை விட்டுக்கொடுக்கத் தோட்டத்துக்கு மனமில்லை. இறக்கிப் புதைத்தோம். பிறகு இரண்டு வரிசைக் கல் வைத்தோம்.

15.5.2024

என் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை!

காலையில் தோட்டத்துப் பெரிய கிளாக்கர், வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் மேசை போட்டார். பன்னிரண்டு குடும்பமும் வரிசையில் நின்றோம். "வீட்டு நம்பர் பதியணும், கையெழுத்து வைங்க" என்றார். சிங்களத்தில் எழுதிய தாள். மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திருப்பித் தள்ளினேன்.

"பேனா குடுங்க."

பிரட்டுக்களம் முழுக்க என்னையே பார்த்தது. ஏழு எழுத்தையும் போட்டேன். கிளாக்கர், "அடேங்கப்பா, பெரியவர் படிச்ச மனுசராகிட்டாரு!" என்றார். எனக்குப் பின்னால் பாலம்மா. "என்னய்யா எழுதியிருக்கான்?" என்று காதில் கேட்டாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. போடு" என்றேன்.

போட்டாள். பதினொரு பேரும் போட்டார்கள். ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். என்னுடையதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

18.5.2024

ஹுன்னஸ்கிரியவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் பாயிஸ் நானா லொறியில் சீமெந்து கொண்டுவந்தார். இறக்கி முடிந்ததும் என் கையெழுத்தைக் காட்டுவதற்காகத் தாளை எடுத்துக் கொடுத்தேன். அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. மேலிருந்து கீழ்வரை படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன வேல செஞ்சிட்டீங்க பெரியவர்? இதுல ஊட்டு நம்பர் ஒண்டும் இல்லயே. தோட்டத்துத் தயவுல தற்காலிகமா ஈக்கிறோம், பதினாலு நாளுக்குள்ள செவர ஒடச்சிட்டு எறங்கிப் போறோம், எண்டு எழுதி ஈக்கிது. இருபத்தொம்பதாந் தேதி கடைசி."

சுகிர்தா சீமெந்துக் கரண்டியைக் கீழே வைத்தாள். அஜந்தன் என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். "நீ கைநாட்டாவே இருந்து தொலைஞ்சிருக்கலாம்ல!" பாலம்மா செருப்பைக் கழற்றினாள். முதல் அடி தோளில். இரண்டாவது வாயில். "படிச்சவன்னு நம்பித்தானேடா போட்டேன். படிச்சவன்னு நம்பித்தானே."

நான் கையைத் தூக்கவில்லை. அவள் அடித்தது போதாது. அந்தத் தாளில் ஒரு எழுத்துக்கூட எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். அவ்வளவுதான் நடந்தது. ஒரு வெட்கம், பன்னிரண்டு வீடு.

19.5.2024 ஞாயிறு

நிரஞ்சனி மிஸ்ஸிடம் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். தாளை வாங்கிப் பைக்குள் வைத்தார். "சட்டத்தரணியிட்ட குடுக்கிறன். வெசாக் லீவு முடிஞ்ச உடன வழக்குப் போடுவம். அதுவரைக்கும் ஒரு கல்லும் விழக்கூடாது, ஐயா."

22.5.2024

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை. இது என்ன பழக்கம்?

9.6.2024 ஞாயிறு

நேற்றுப் பிணையில் வந்தேன். விலா இன்னும் குத்துகிறது. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மே இருபத்துநாலு, வெசாக் பண்டிகைக்கு அடுத்த நாள். கந்தோர், கோர்ட்டு எல்லாம் பூட்டு. பார்த்துத்தான் அந்த நாளை எடுத்தார்கள். ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது, பதினாலு ஆகவில்லை. காலை பத்து மணி, பனிமூட்டம். டிராக்டர் சத்தம் முதலில் வந்தது, பிறகு தோட்டத்து ஆட்கள். பதினைந்து பேர் இருக்கும். கையில் சுவர் பெயர்க்கும் அலவாங்கு. முதல் வீட்டுச் சுவர் ஒரே தள்ளில் போனது. இரண்டாவது. மூன்றாவது. உள்ளே சமைத்துக்கொண்டிருந்த பானையோடு சேர்த்து இடித்தார்கள். பொம்பளைகள் கல்லை எடுத்து எறிந்தார்கள். ஒருவனுக்கு மூக்கு உடைந்தது. அவர்கள் பொம்பளைகளைக் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சரிவில் உருட்டினார்கள்.

அஜந்தன் குறுக்கே ஓடினான். அலவாங்கு அவன் தலையின் பக்கத்தில் பட்டது. பச்சைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். காது தொங்கியது. விழுந்தவனை மறுபடியும் அடித்தார்கள், கையில். பாலம்மா அவன்மேல் விழுந்து படுத்துக்கொண்டாள். அவள் முதுகிலும் மிதித்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தவன் ராஜலிங்கம். இப்போது தோட்டத்துக் காவல்காரன். முன்னே நானும் அவனும் ஒரே கவ்வாத்து கேங்கில் இருபது வருடம். அவன் கத்தியை நான் தீட்டுவேன், என் கத்தியை அவன் தீட்டுவான். தன் கத்தியைத் தானே தீட்டினால் கை வெட்டும் என்று எங்கள் கேங்கில் ஒரு நம்பிக்கை.

"தள்ளு சங்கிலி. ஒடைக்கலன்னா எங் காம்பிராவும் போயிரும்" என்றான். அழுதுகொண்டேதான் சொன்னான். சுகிர்தா அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் உதறினான். விடவில்லை. அவள் தலைக்கு மேலே அலவாங்கை ஓங்கினான். அவளைப் பயமுறுத்தவா, அடிக்கவா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் வெட்டினேன். என் இடுப்பில் இருந்த கவ்வாத்துக் கத்தி, கடைசியாக அவன் தீட்டிக் கொடுத்ததுதான். தேயிலைச் செடியின் வாதை வெட்டுகிற மாதிரி, கீழிருந்து மேலே, சாய்த்து. அவனுடைய இரண்டு விரல் சுகிர்தா குழைத்து வைத்திருந்த சீமெந்தில் விழுந்தது.

இதையும் எழுதுகிறேன். அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கையில் இருபது வயது திரும்பி வந்த மாதிரி. இன்னொரு வெட்டுக்குக் கத்தியை ஓங்கவும் செய்தேன். சுகிர்தா "அப்பா!" என்று கத்தினாள். அதற்குள் மற்றவர்கள் என்னைத் தரையில் போட்டு மிதித்தார்கள். மூன்று விலா, நாலு பல்.

பொலிஸில் என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி முன்னால் வைத்தார்கள்.

"என்னங்கய்யா எழுதியிருக்கு?"

"நீங்க சொன்னதுதான் பெரியவர். கையெழுத்து வைங்க."

"எனக்குத் தெரிஞ்ச எழுத்துல இருந்தா வைக்கிறேன். இல்லன்னா தாள் குடுங்க, நானே எழுதுறேன்."

மேசையில் இருந்தவர் சிரித்தார். பிறகு என் வாயிலிருந்து இரத்தம் ஒழுகுவதைப் பார்த்தார். தாள் கொடுத்தார். பதினொரு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடித்தேன். இரண்டு பக்கம். வெட்டியது நான்தான் என்று எழுதினேன். அவர்கள் இடித்ததை எழுதினேன். சிங்களத் தாளைப் படிக்கத் தெரியாமலே "சரியாத்தான் இருக்கு" என்று பதினொரு பேரைக் கையெழுத்து வைக்கச் செய்ததையும் எழுதினேன்.

நிரஞ்சனி மிஸ் ரிமாண்டுக்கு வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். "ஐயா, அந்தப் பனிக்குள்ள யார் வெட்டினதெண்டு ஒருத்தரும் நிரூபிச்சிருக்க ஏலாது. ஏன் எழுதினீங்க?"

"அத விட்டுட்டு மத்தத மட்டும் எழுதினா, யாரு மிஸ் நம்புவாங்க?"

20.6.2024

ராஜலிங்கத்தைப் பார்க்கக் கூடாது என்பது பிணை நிபந்தனை. அவனே வந்தான். இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம் நின்றான். கை துணி மூட்டை மாதிரி இருந்தது.

"எவ்வளவுடா எழுதுன?"

"எல்லாத்தையும்."

"படுபாவி. எழுதக் கத்துக்கிட்டு மொதல்ல என்னையத்தான் எழுதுனியா?" சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நானும் சொல்லிட்டேன். பதினாலு நாள் பொறுக்கச் சொல்லல, வெசாக் லீவுலயே இடிக்கச் சொன்னாங்கன்னு. காவல் வேல போச்சு. போகட்டும். இந்த அரைக் கைய வச்சிக்கிட்டு யாரு வீட்ட ஒடைக்கிறது?"

மன்னிப்பு கேட்க வாய் திறந்தேன். "வேணாம். நீயும் கேக்காத, நானும் கேக்கல" என்று சொல்லி இறங்கிப் போனான்.

4.7.2024

கோர்ட்டில் தடையுத்தரவு. வழக்கு முடியும்வரை பதினாலாம் நம்பர் மலையில் தோட்டம் கை வைக்கக் கூடாது. பன்னிரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டாத தாளை இப்போதைக்கு ஏற்க முடியாதாம். என் இரண்டு பக்கத்தையும் ராஜலிங்கத்தின் வாக்குமூலத்தையும் நீதவான் ஐயா வாசித்தாராம்.

அஜந்தனுக்கு ஒரு காது இனிக் கேட்காது. பாலம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

11.8.2024

பாயிஸ் நானா மறுபடி சீமெந்து இறக்கினார். சுகிர்தா கல் வைக்கிறாள். நான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

3.11.2024

நல்ல மழை. கூரைத் தகரம் ஏற்ற ஆள் போதவில்லை. பாலம்மா வந்து ஒரு முனையைப் பிடித்தாள். "தூக்குய்யா படிச்ச மனுசா" என்றாள். ஆறு மாதம் கழித்து முதல் வார்த்தை.

17.1.2025

இன்று காலை தபால்காரர் மலை ஏறி வந்தார்.

லயத்தில் யாருக்கும் கடிதம் நேரே வராது. எல்லாம் தோட்டத்துக் கந்தோரில் விழும். கிளாக்கர் நினைத்தால் கிடைக்கும். என் தம்பி செத்த செய்தி எனக்கு ஒரு மாதம் பிந்தித்தான் கிடைத்தது. எழுபத்தொரு வருடமாக எனக்கு விலாசம் என்று ஒன்று இல்லை.

அவர் கதவைத் தட்டினார். சுகிர்தா மெஷினை நிறுத்தினாள். அவளோடு தைக்கும் இரண்டு பிள்ளைகளும் நிறுத்தினார்கள். உறையைக் கொடுத்தார். சங்கிலிமுத்து, வீட்டிலக்கம் 7, பதினாலாம் நம்பர் மலை.

உள்ளே அழைப்பாணை. ராஜலிங்கத்தின் விரலை வெட்டிய வழக்கு, பெப்ரவரி பத்தொன்பது, காலை ஒன்பது மணி. தமிழிலும் இருந்தது. நானே படித்தேன். சட்டத்தரணி சொல்கிறார், ஒரு வருடமாவது உள்ளே இருக்க வேண்டி வரலாமாம். சுகிர்தா முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டாள். செய்ததற்கு இருந்துவிட்டு வருகிறேன், அதில் என்ன?

நான் உறையைத் திருப்பி விலாசத்தை இன்னொரு தடவை சத்தமாகப் படித்தேன்.

தபால்காரர் பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டு, "இனி வந்தா கந்தோர்ல குடுக்கவா, இங்கயே கொண்டாரவா?" என்று கேட்டார்.

"இங்கயே வாங்க" என்றேன். "நான் இல்லாட்டியும் மக இருப்பா."