கோல் வலையைப் பூட்டி வைத்தேன், மச்சான்

என் உயிரான மச்சான் பெருமாளுக்கு,

நம் கதிரை அணிக் கமிட்டிக்காரர்கள் விற்றுவிட்டார்கள். செம்பாக்கம் மைதானத்தில் இத்தனை வருடம் நம் அணிக்குக் கோல் அடித்தவனை, கோவா பக்கம் ஏதோ ஒரு கிளப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். நாளை ஞாயிறு, இங்கே அவனுக்குக் கடைசி ஆட்டம்.

கேட்டால், மைதானத்துக்கு விளக்குக் கம்பம் போடப் பணம் வேண்டுமாம். வெளிச்சம் போட்டு யாரைப் பார்ப்பது? கூட்டத்தில் எழுந்து இதைத்தான் கேட்டேன். "பெரியவரே, உக்காருங்க" என்றார்கள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்னை அப்படி உட்கார வைத்திருப்பார்களா?

நீ கண்ணை மூடிய பிறகு நான் வீட்டை விட்டு வெளியே வருவதே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அவன் இடது காலில் பந்து வந்து சேரும் அந்த நொடிக்காக வருகிறேன். மைதானத்தை ஒட்டிய ஏரிக்கரையில் பைக்கை நிறுத்தி போனில் பேசிக்கொண்டிருப்பவன்கூட அப்போது பேச்சை விட்டுவிடுவான். அதையும் பிடுங்கிக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்?

அதனால் ஒரு காரியம் செய்தேன். வெளியே விட்டால் மாடு கடித்துவிடுகிறது என்று, ஆட்டம் முடிந்ததும் கோல் வலைகளைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துவரும் வழக்கம் நீ ஆரம்பித்தது. இப்போது அவை என் பொறுப்பில் இருக்கின்றன. போட்டி விதிகளை நானே எழுத்துக்கூட்டிப் படித்தவன். சொந்த மைதானத்தில் வலை கட்டாத அணி தோற்றதாகவே அர்த்தம். நாளை தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோம். எல்லாம் தெரிந்தேதான் வலைகளை உள் அறையில் வைத்துப் பூட்டினேன். விற்றதை ரத்து செய்தால் தருகிறேன் என்று கமிட்டிக்குச் சொல்லி அனுப்பினேன்.

காலையில் செயலாளர் சேகர் வந்தார்.

"இன்னா சார் இது, சின்னப் பசங்க மாதிரி? சாவியக் குடுங்க."

"கோல் அடிக்கிறவனையே வித்துட்டீங்க. அப்புறம் வலை எதுக்கு, மீன் புடிக்கவா?"

அடுக்களையில் உன் தங்கை சிரித்துவிட்டாள். சேகர் வந்த வழியே போனார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மதியம் கதிரே வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றான்.

"மாமா, நாளைக்கு ஒரு வாட்டி ஆடிட்டுப் போயிடறேன். வலையக் குடு."

"போவாதேடா. அவனுங்க வித்தா நீ போயிடுவியா?"

"என்னைக் கேட்டுத்தான் வித்தாங்க. நாந்தான் சரின்னேன். இந்தக் காலு இன்னும் எத்தினி வருசம் ஓடும்னு நெனைக்கிற?"

"அங்க உன்னை யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அதான் பயமாக் கீது."

மச்சான், கமிட்டியோடு சண்டை போடத் தெரியும். இவனோடு எப்படிப் போடுவது? அவன் கையைப் பிடித்துக்கொண்டு, போகாதே என்று இன்னொரு முறை சொன்னேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை.

அவன் போன பிறகு உன் தங்கை சொன்னாள்: "எங்கண்ணன் இருந்தா உங்களோட சேந்து அதுவும் பூட்டியிருக்கும். ஆனா புள்ள வந்து வாசல்ல நின்னப்பவே தொறந்து குடுத்திருக்கும்."

அப்படித்தானா? நீ திறந்திருப்பாயா?

இப்போது பூட்டைத் திறந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கமிட்டி செய்தது தப்பு. விளக்குக் கம்பம் நட்டாலும் தப்புதான், யார் வந்து சொன்னாலும் என் வாயிலிருந்து வேறு வார்த்தை வராது. ஆனால் வலைகளை நானே தூக்கிப் போய் என் கையாலேயே கட்டுவேன். அவன் கோல் அடித்தால் உனக்கும் சேர்த்துக் கத்துவேன். இது சத்தியம். அதற்கடுத்த ஞாயிறு என்ன செய்வாய் என்று மட்டும் கேட்காதே.

உன் தங்கையைக் கட்டியவன், கோலுக்குப் பின்னால் இன்னும் உன் இடத்தைக் காலியாக விட்டே நிற்கும் உன் மச்சான்,
முனுசாமி