கிளி கொய்யா தின்றது

ஐப்பசி 9, செவ்வாய்

அண்ணன் செத்த பிறகு அண்ணி கொண்டுவந்து விட்டுப்போன சாம்பல் நிறக் கிளி இன்று முதல்முறையாகக் கொய்யா தின்றது. சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை.

என்னைக் கேட்காமல் அப்பாவின் வீட்டை விற்றவன், கிளியையாவது ஒழுங்காக வளர்த்தானா? சூரியகாந்தி விதையை மட்டுமே போட்டு அதன் ஈரலைக் கெடுத்துவைத்திருக்கிறான். பழமும் கீரையும் தின்னாவிட்டால் பிழைக்காது என்று திருவள்ளூர் டாக்டர் சொல்லிவிட்டார். கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் வாங்கிய கேரட்டையும் முருங்கைக்கீரையையும் கூண்டுக்கு வெளியே எறிந்தது. எதிரில் உட்கார்ந்து நானே தின்று காட்டினேன். முதுகைத் திருப்பிக்கொண்டது.

சாயங்காலம் அண்ணிக்குப் போன் செய்தேன். "அவரு கூப்ட்டு குடுத்தாதான் துன்னும் தம்பி. 'வா நைனா, துன்னு'ம்பாரு. நீங்களும் அப்டி கூப்ட்டுப் பாருங்க" என்றார்.

வருடக்கணக்கில் அவனோடு பேசாதவன் நான். கொய்யாத் துண்டை நீட்டி, "வா நைனா, துன்னு" என்றேன். தலையைச் சாய்த்துப் பார்த்தது, அசையவில்லை. மறுபடியும், தொண்டை கரகரக்க, அவனைப் போலவே இழுத்துச் சொன்னேன். கம்பியோரம் நகர்ந்து வந்து வாங்கிக்கொண்டது.

சமையலறையிலிருந்து என் மனைவி ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாங்க, உங்க அண்ணன் குரலு கேட்டுச்சி? கிளியா பேசிச்சி? இம்மா நாளு வாயே தெறக்கலியே அது!"

"ஆமாம், கிளிதான்" என்றேன்.

காலையில் கீரை கொடுக்க வேண்டும். நான் அவன் குரலில்தான் கூப்பிட வேண்டும். இவ்வளவு சுலபமாக அந்தக் குரல் எனக்கு வந்திருக்கக் கூடாது.