கடைசித் தாளின் எட்டு வரிகள்

மார்ச் 3

அன்புள்ள மைக்கூட்டுக்கு,

இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை உண்டா தெரியவில்லை. பழக்கதோஷம். முட்டி வலி தேவலையா?

கல்லரசி கதை பற்றிய என் ஆராய்ச்சி நூலை அச்சிட ஓர் அறக்கட்டளை நிதி தர ஒப்புக்கொண்டிருக்கிறது. எல்லாப் பதிப்பகமும் கைவிரித்த புத்தகம்! மற்றப் பிரதிகளில் எல்லாம், போருக்குப் போன அரசனுக்காகக் காத்துக் காத்து அரசி கல்லாகிவிடுகிறாள். நூலகத்தில் நீ எனக்காகப் படியெடுத்த பிரதியில் மட்டும், கோட்டையைப் பூட்டி, சாவியை வாசற்கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். இருநூறு வருஷத்துக்கு முன்பே ஒருவன் இப்படி எழுதியிருக்கிறான் என்பதுதான் என் நூல்.

மூலப்பிரதி மழைநீரில் அழிந்துவிட்டது. அதனால் படியெடுத்தவரின் கையொப்பம் வேண்டுமாம். 'கண்டதைக் கண்டபடி எழுதினேன், எதையும் சேர்க்கவில்லை' என்ற படிவத்தை இணைத்திருக்கிறேன். போட்டு அனுப்பிவிடு.

இப்படிக்கு,
காகிதத்தில் இன்னமும் உன் கணவன்

மார்ச் 19

பேராசிரியருக்கு வணக்கம்.

எட்டு வருஷம் கழித்து, ஒரு கையெழுத்துக்காகவாவது என் விலாசம் ஞாபகம் வந்ததே! முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது. அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலைதான்.

நிதி கிடைத்ததில் மனசார சந்தோஷம். படிவம் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த முடிவு இல்லாமல் புத்தகம் நிற்காதா?

மைக்கூடு

ஏப்ரல் 2

அன்புள்ள உனக்கு,

நிற்காது. சாவியைப் பற்றி மட்டும் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அரசி ஆட்சியையே துறக்கிறாள் என்பதன் அடையாளம் அது.

அறக்கட்டளைச் செயலாளர் நேற்றும் போன் செய்தார். "சார், அந்தம்மா கையெழுத்து வந்தா நாளைக்கே அச்சுக்கு அனுப்பிடலாம். முப்பதாம் தேதி தாண்டிட்டா என் கையில ஒண்ணும் இல்ல" என்கிறார். பழைய கோபத்தை இதில் தீர்த்துக்கொள்கிறாயோ என்று தோன்றுகிறது. இது என் இருபது வருஷ உழைப்பம்மா.

உன் கணவன்

ஏப்ரல் 9

உங்களுக்கு,

கோபம் இல்லை, பயம். இனி மறைத்துப் பயனில்லை.

மூலப்பிரதியின் கடைசித் தாளில் கீழ்ப்பாதியைப் பூச்சி அரித்திருந்தது. அதைப் படியெடுக்கப் போன அன்று காலை நீங்கள், "முடிவு இல்லாம வீட்டுக்கு வந்துடாதே" என்றீர்கள். விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். ஐந்து மணிக்கு நூலக அறையைப் பூட்ட ஊழியர் வந்து நின்றார். இரண்டு வருஷம் படியெடுத்துப் படியெடுத்து அந்த நடை என் விரலிலேயே ஏறியிருந்தது. எட்டு வரி நானே எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் படித்துவிட்டுக் குதித்தீர்கள். அந்த வருஷத்திலேயே முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். அப்புறம் எப்படி வாய் வரும்?

அவள் ஆட்சியைத் துறக்கவில்லை. அவன் குனிந்து தேடினால் கிடைக்கட்டும் என்றுதான் சாவியை அங்கே வைத்தாள். நான் போனபோதும் அப்படித்தான் செய்தேன். வாசல் பூந்தொட்டிக்கு அடியில்.

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள்.

மைக்கூடு

ஏப்ரல் 28

அன்புள்ள மைக்கூட்டுக்கு,

முதலில் உன்னைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம், அசல்தான் இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று உன் கையெழுத்தை நானே மூன்று முறை போட்டுப் பழகினேன். படிவத்திலும் போட்டு, உறையை ஒட்டித் தபால் பெட்டி வரை போனேன். கை வரவில்லை.

செயலாளரிடம் போய், "அந்தக் கையெழுத்து வராதுங்க. அந்த முடிவு பழைய கதையில இல்ல, என் மனைவி எழுதினது" என்றேன். மனுஷர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். நிதி வேறு யாருக்கோ போய்விடும். புத்தகம் வராது. வயிறு எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

அந்த எட்டு வரிகளைப் பல நூறு முறை படித்திருக்கிறேன். யாரோ ஒரு பழங்காலத்து ஆள் எழுதியது என்று தலையில் வைத்துக் கொண்டாடினேனே தவிர, பக்கத்து அறையில் இருந்தவள் சொல்கிறாள் என்று படவில்லை. நீ போன அன்று வெளியூரிலிருந்து வந்து, பூட்டிய வாசலில் நின்று ஆள் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தேன்.

நேற்றுத் தொட்டியை நகர்த்திப் பார்த்தேன். சாவி இருந்தது. துருப்பிடித்து மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. கழுவித் துடைத்து இத்துடன் அனுப்புகிறேன்.

அது சேரும் பூட்டுதான் இப்போது இந்த வீட்டில் இல்லை.

இப்படிக்கு,
குனிந்து பார்க்காதவன்