சங்குக்கு முந்திய பஸ்

1974

ஜூலை 8, திங்கள்

சொல்லாதது: "அந்தப் பஸ்ஸைத் தவறவிடுகிறவர்களில் என் அண்ணியும் ஒருத்தி, சார்."

காலையிலிருந்தே புழுக்கம். ஆபீஸில் கூட்டம். ரயில்வேயிலிருந்து ஒருவர், பஸ் டிப்போவிலிருந்து ஒருவர், நடுவில் எங்கள் அதிகாரி. ஓரத்தில் நான், சுருக்கெழுத்து.

விஷயம் சின்னது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசல் ஊர்ப் பக்கம். தொழிற்சாலைக்குப் போகும் பஸ் நிற்பது தண்டவாளத்துக்கு அந்தப்புறம், பெரிய ரோட்டில். லெவல் கிராஸிங்கைச் சுற்றிப் போவதற்குள் பஸ் கிளம்பிவிடுகிறது.

"பஸ்ஸை நீங்க ஊர்ப் பக்கம் கொண்டாங்க" - ரயில்வே.

"வாசலை நீங்க ரோட்டுப் பக்கம் தெறங்க" - டிப்போ.

யார் முதலில் எழுதுவது என்று மத்தியானம்வரை. வடை நன்றாயிருக்கிறது என்பதில் மட்டும் இரண்டு இலாகாவும் ஒத்துப்போயின.

அதிகாரி திடீரென்று என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ பொன்னேரிதானே? ஜனங்களுக்கு ரொம்பக் கஷ்டமா?"

எல்லோரும் பார்த்தார்கள். என்னுடையது தற்காலிக வேலை. "தெரியலை சார்."

ஜூலை 9, செவ்வாய்

தூறல். அண்ணி இன்றும் லேட். சங்கு ஊதியதும் தொழிற்சாலைக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். இனி ஒரு தடவை என்றால் வேலை கிடையாது என்றாராம் மேஸ்திரி. அண்ணனுடைய ரைஸ் மில் மூடிக் கிடக்கிறது.

"எறங்கி ஓடறேன் சுசீ. பஸ்ஸு எம்மூஞ்சில பொகைய உட்டுக்கினு பூடுது. தொரைங்க எல்லாம் உங்க ஆபீசுக்குத்தான வர்றாங்க. ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

நேற்றைய கூட்டத்தைச் சொல்லவில்லை.

நாளையிலிருந்து அண்ணி விடியற்கால ரயிலில். சமையல் எனக்கு.

ஜூலை 12, வெள்ளி

சொல்லிவிட்டேன். "அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்றார் அதிகாரி. கோபமில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனியே போன் போட்டார். "ரெண்டு பேர்ட்டயும் கேட்டு வெப்போம். ஒருத்தனாவது செய்வான்."

லைப்ரரிப் புத்தகம் புதுப்பிக்க. சீயக்காய். அண்ணி செருப்புக்கு வார்.

ஆகஸ்ட் 31, சனி

ரயில்வேயிலிருந்து தகவல். திங்கள் முதல் ரோட்டுப் பக்கம் வாசல். இறங்குகிறவர்களிடம் டிக்கெட் வாங்க ஒரே ஆள் என்பதால் ஊர்ப் பக்க வாசல் மூடல். பஸ் நிற்கும் பெரிய ரோடு இனி வாசலிலேயே.

அண்ணியிடம், "இனிமே விடியக்காத்தால ஓட வேணாம். பழைய வண்டியிலேயே போங்க."

கன்னத்தைக் கிள்ளினாள். "ஆபீசர் அம்மாடி நீ."

செப்டம்பர் 2, திங்கள்

நல்ல வெயில். டிப்போவும் செய்துவிட்டது. இன்றிலிருந்து பஸ் ஊர்ப் பக்கம். ரயில்வேயிடம் யாரும் சொல்லவில்லை. டிப்போவிடமும்.

அண்ணி புது வாசலில் இறங்கி வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பஸ் தண்டவாளத்துக்கு அந்தப்புறம் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறது.

அதிகாரி சிரிக்கிறார். "இவ்வளவு ஒத்துழைப்பை நான் எதிர்பார்க்கலைம்மா." அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கச் சொன்னார். குறித்தேன்.

ராத்திரி அண்ணி என்னைத் திட்டவில்லை. ரசத்தை மட்டும், "உப்பு ஜாஸ்தி."

செப்டம்பர் 6, வெள்ளி

அண்ணியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். ஏற ஆளில்லையாம்.